பிள்ளையார் குதிரைக்கு ஒரு கடிவாளம்

கொழும்புக்குப் போகிறவர்களிடம் ஏன் போகிறீர்கள் என்று கேட்பது அந்த நாட்களில் வெறும் சம்பிரதாயம். பதில் எல்லோருக்கும் தெரியும். பாஸ்போட் எடுக்க, ஏஜென்சிக்காரனைப் பிடிக்க, வெளிநாட்டிலிருந்து பிள்ளை எடுக்கும் ரெலிபோனுக்குக் காத்திருக்க. இந்த மூன்றுக்கும் வெளியே ஒரு காரியத்துக்காக யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறியவர்கள், எனக்குத் தெரிந்து, என் அப்பாவும் நானும் மட்டும்தான். நாங்கள் குதிரைச் சாமான் வாங்கப் போனோம்.

உடுவிலில் ஏறி எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர் வழமையான கேள்வியைக் கேட்டார்.

"குதிரைக்குக் கடிவாளம் வாங்கப் போறம்," என்றார் அப்பா.

அவர் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சொல்ல விருப்பமில்லையெண்டால் விடுங்கோ. இந்தக் காலத்திலை ஆர் ஆரை நம்பிறது," என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வவுனியா வரைக்கும் எங்களோடு கதைக்கவில்லை.

இந்திய இராணுவம் ஊரில் நின்ற காலம் அது. இணுவிலுக்கும் உடுவிலுக்கும் இடையில், தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் எங்களுடையது. பத்து நாள் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். அன்றைய பூ, மேளம், வெளிச்சம், சாப்பாடு எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. கடைசியில் குடும்பத் தலைவரை ஐயர் கூப்பிட்டு, காளாஞ்சி என்று ஒரு தட்டைக் கொடுப்பார். ஒரு தேங்காய், இரண்டு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. மருதனார்மடச் சந்தையில் சில்லறைக்கு வாங்கக்கூடிய இந்தச் சாமான்களுக்காக மூன்று தலைமுறை கோர்ட்டில் ஏறி இறங்கிய குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு.

எங்கள் குடும்பத்துக்கு எட்டாம் நாள், வேட்டைத் திருவிழா. பிள்ளையார் யானை முகத்தோடு மரக்குதிரையில் ஏறி வேட்டைக்குப் போவார். யானை எப்படிக் குதிரையில் ஏறியது என்று சின்ன வயதில் கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

அதற்கு முந்தின வருடத் திருவிழாவில்தான் வினை வந்தது. வாகன அறையில் எலி தின்று மிச்சம் வைத்த மரக்குதிரையின் தென்னந்தும்பு வால், நடு வீதியில் கழன்று விழுந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு நாய் அதைக் கவ்விக்கொண்டு போயிலைத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டது. அன்றைக்கு நடந்த உண்மையான வேட்டை அது ஒன்றுதான்.

என் சித்தப்பா, அதாவது அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, சனத்துக்கு நடுவில் நின்று சிரித்தார். அவருக்கு அந்த உபயத்தின் மேல் நெடுநாள் கண். சிரித்து முடித்ததும் கோயில் முகாமையாளரிடம் போனார்.

"அண்ணையின்ரை பெடியள் ரெண்டும் ஜேர்மனியிலை. இனி ஆர் இதைக் கொண்டு நடத்திறது? வாற வருசம் குதிரை ஒழுங்கா வெளிவீதி சுத்தவேணும். சுத்தாட்டி உபயத்தை எனக்குத் தாங்கோ."

முகாமையாளர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, "ஓம். சுத்தாட்டி எடு," என்றார். இப்படியான இடங்களில் யோசித்துப் பதில் சொல்வது எங்கள் ஆண்களுக்கு வழக்கமில்லை.

அன்றைக்கு வீட்டில் நான் அப்பாவை ஏசினேன். ஒரு தேங்காய்க்கு இந்தப் பாடா என்று கேட்டேன். அப்பா கோபப்படவில்லை. "உவங்கள் ரெண்டுபேரும் ஒரு நாளைக்குத் திரும்பி வருவாங்கள், பிள்ளை. வந்தால் கோயிலிலை நிக்க ஒரு இடம் வேணும். அது இல்லாட்டி விருந்தாளியள் மாதிரி வந்திட்டுப் போயிடுவாங்கள்," என்றார்.  அண்ணைமார் போய் நான்கு வருடமாகியிருந்தது. வருவார்கள் என்று அப்பாவைத் தவிர வேறு யாரும் நம்பவில்லை, அம்மா உட்பட.

ஆக, குதிரையைப் புதுப்பிக்க வேண்டும். நிறம் பூச ஊரிலேயே ஆள் இருந்தது. ஆனால் இந்த முறை தும்பு வாலும் சரிகைக் கயிறும் சரிவராது, அசல் குதிரை மயிரில் வாலும் அசல் கடிவாளமும் வேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம். யாழ்ப்பாணத்தில் அசல் குதிரை என்றால் நெடுந்தீவுக்குப் போக வேண்டும். அங்கே குதிரை உண்டு, கடிவாளம் கிடையாது. எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்பதாலும், பெண்பிள்ளை கூட வந்தால் இராணுவம் மறிக்கும் சென்றிகளில் கரைச்சல் குறைவு என்பதாலும் நானும் சேர்க்கப்பட்டேன். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டபோது, காரணம் 'குடும்ப அலுவல்' என்று எழுதினேன்.

வெள்ளவத்தையில் அம்மாவின் தம்பி இருந்தார். கந்தோர் ஒன்றில் கிளாக்கர். குதிரை என்ற சொல்லைக் கேட்டதும் மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அத்தான், சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறியள். கொழும்பிலை குதிரையைப் பற்றி என்னட்டைக் கேளுங்கோ."

பின்னேரம் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு ஒடுக்கமான கடை. உள்ளே சிகரெட் புகை. சுவர் முழுக்கக் குதிரைகளின் பெயர் எழுதிய தாள்கள். ஸ்பீக்கரில் ஒரு வெள்ளைக்காரன் மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தான். அது ரேஸ் புக்கி. இங்கிலாந்தில் எங்கோ ஓடுகிற குதிரைகளுக்கு இங்கே முப்பது நாற்பது பேர் நின்று வேர்த்துக்கொண்டிருந்தார்கள். கோயில் காரியமாக வந்த அப்பா, நெற்றியில் மூன்று குறி திருநீறோடு நடுவில் நின்றார். பக்கத்தில் நின்ற ஒருவர் அவரைச் சாஸ்திரக்காரர் என்று நினைத்து, அடுத்த ஓட்டத்துக்கு எந்தக் குதிரை என்று பவ்வியமாகக் கேட்டார்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார், "நீர் எப்பவாவது ஒரு குதிரையைக் கிட்ட நிண்டு பாத்திருக்கிறீரோ?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "கிட்ட எண்டு சொல்லேலாது, அத்தான்."

இருபது வருடமாகச் சம்பளத்தில் பாதியைக் குதிரைக்குப் போட்ட மனிதர். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவனாவது குதிரையைப் பார்த்திருப்பான்.

அடுத்த நாள் கடைகள் பூட்டு. கொழும்புக்கும் அப்போது அதன் சொந்தக் குழப்பம் இருந்தது, சிங்களப் பெடியங்களின் கிளர்ச்சி. யாரோ சுவரில் ஒட்டிய ஒரு துண்டுக் காகிதத்துக்குப் பயந்து நகரமே கதவைச் சாத்தியிருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த எங்களுக்கு அது சொந்த ஊர் போலவே இருந்தது. திறந்த பிறகு புறக்கோட்டையில் ஏறாத கடை இல்லை. பித்தளைச் சதங்கை கிடைத்தது, சிவப்புப் பட்டுக் குஞ்சம் கிடைத்தது. கடிவாளம் என்றால் ஒருவர் சைக்கிள் பிறேக் கம்பியை எடுத்துக் காட்டினார். ஒருவர் நாய்ச் சங்கிலி காட்டினார். தலைநகரத்தில் கடிவாளம் குதிரைக்கொம்பாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் காலிமுகத்திடலுக்குப் போனோம். அங்கே கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்றுக் கூட்டிப்போகும் மட்டக்குதிரை ஒன்று நின்றது. அப்பா அதற்குக் கிட்டப் போய் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். குதிரைக்காரனுக்கு அது பிடிக்கவில்லை. ஏறுகிறதென்றால் ஏறு, இல்லையென்றால் விலகு என்று சிங்களத்தில் சொன்னான்.

"பிள்ளை, நீ ஏறு," என்றார் அப்பா.

"எனக்கு இருபத்தாறு வயசு, அப்பா. நான் சேலை கட்டியிருக்கிறன்."

"பக்கவாட்டிலை இரு. நான் அந்த வாரெல்லாம் எங்கை எங்கை கட்டியிருக்கு எண்டு பாக்கவேணும்."

இணுவிலில் ஆறாம் வகுப்புக்குச் சமயம் படிப்பிக்கும் ரீச்சர் நான், கொழும்புச் சனம் பார்த்திருக்க, மட்டக்குதிரையில் போனேன். பின்னால் ஆறு வயதுப் பிள்ளைகள் வரிசையில் நின்று எப்போது இறங்குவாய் என்று கேட்டார்கள். அப்பா கூடவே நடந்து, கன்னத்து வார், மூக்கு வார், வாய்க்குள் போகும் இரும்பு என்று தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. அந்தக் குதிரை கடலைப் பார்த்துத் திரும்பியபோது, இன்னொரு சுற்றுப் போனால் என்ன என்று எனக்கே தோன்றியது.

இறங்கும்போது அப்பாவும் குதிரைக்காரனும் எப்படியோ சினேகமாகிவிட்டார்கள். வாலுக்கு மயிர் அவனிடமே கிடைத்தது. கடிவாளத்துக்குக் கொம்பனித்தெருவில் ஒரு வீட்டைச் சொன்னான்.

அந்த வீட்டில் ஒரு முஸ்லிம் கிழவர் இருந்தார். குதிரைப் பந்தயம் கொழும்பில் ஓடிய காலத்தில் லாயத்தில் வேலை செய்தவராம். கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு சாக்கை இழுத்து அவிழ்த்தார். உள்ளே அசல் கடிவாளமும் நீண்ட இரண்டு வாரும். எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தன.

"குதிரை எங்க நிக்குது?" என்று கேட்டார்.

"கோயிலிலை," என்றார் அப்பா. "மரக்குதிரை."

கிழவர் சிரிக்கவில்லை. "மரக்குதிரைக்கு எதுக்குங்க கடிவாளம்? ஓடவா போகுது?"

"ஓடாதுதான். ஆனால் பாக்கிற ஆளுக்கு ஓடிவிடும் போலை கிடக்கவேணும்."

அந்த நியாயம் கிழவருக்குப் பிடித்துவிட்டது. கையில் வைத்து முறுக்கிக் காட்டினார். "இங்கிலாந்துச் சாமான். சீமை மாட்டுத் தோல். நீங்க போனாலும் இது போகாது." அப்பா சந்தோஷமாகத் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது கிளிநொச்சி தாண்டி ஒரு சென்றியில் இறக்கினார்கள். ஒரு மீசைக்கார இந்தியச் சிப்பாய் எங்கள் பையைக் கொட்டினான். சதங்கை, குஞ்சம், ஒரு கட்டு மயிர், கடைசியாகக் கடிவாளம். அதைக் கண்டதும் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு இரண்டு கையாலும் எடுத்தான். "கோடா! கோடா!" என்று ஹிந்தியில் குதிரையின் பெயரைச் சொல்லி மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். அவனுடைய வீட்டிலும் குதிரை நின்றிருக்க வேண்டும். தன் சொந்தத் தலையில் கடிவாளத்தை மாட்டி, எந்த வார் எங்கே வரும் என்று அப்பாவுக்குக் காட்டினான். அப்பா அந்தச் சிப்பாயின் கன்னத்தில் வாரை இழுத்துச் சரிபார்த்தார். பஸ்ஸில் வந்த சனம் சுற்றி நின்று பார்த்தது. அன்று எங்கள் பஸ்ஸில் வேறு எவருடைய பையையும் அவர்கள் சோதிக்கவில்லை.

வீட்டில் அம்மா கடிவாளத்தைக் கண்ணில் ஒற்றினார். வெள்ளை வேட்டியில் சுற்றிச் சாமியறையில் வைத்தார். எங்கள் எட்டாம் நாளுக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. காலையும் மாலையும் விளக்கு, செம்பரத்தம்பூ, சாம்பிராணி. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த ஒரு கிழமையில் எங்களில் ஒருவருக்காவது மூளை வேலை செய்திருக்கலாம். செருப்பைக் கூடப் படலைக்குக் கிட்டக் கழற்றிவிட்டு வரும் வீடு அது. மாமா ஒருமுறை வந்து தன் தோல் பெல்ட்டைச் சாமியறைக் கொடியில் போட்டதற்கு அம்மா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தவர். கிழவர் 'சீமை மாட்டுத் தோல்' என்று வாய்விட்டுச் சொன்னார். எங்கள் காதில் 'சீமை' மட்டும்தான் விழுந்தது.

ஏழாம் திருவிழா முடிந்ததும் அப்பா அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஐயரிடம் நீட்டினார். ஐயர் கையை நீட்டிவிட்டு, மோந்து பார்த்துவிட்டு, கையைப் பின்னால் எடுத்தார்.

"உது என்ன தோல்?"

அப்பாவின் முகம் போன போக்கை எழுத முடியாது. ஆனாலும் தோட்டம் செய்து பழகிய மனிதர், லேசில் விடமாட்டார். "தவிலும் தோல்தானே, ஐயா?"

"தவில் சுவாமிக்கு முன்னாலை போகும். சுவாமிக்குக் கீழை போகாது."

"அப்ப வால்? அது மயிர்."

"சாமரமும் மயிர்தான். வால் பறவாயில்லை."

வால் சித்தியடைந்தது, கடிவாளம் பெயிலானது. வீட்டில் அம்மா சாமியறையை மூன்று தரம் மஞ்சள் தண்ணீரால் கழுவினார். படங்களைக் கழற்றித் துடைத்தார். ஒரு கிழமையாகப் பசுவின் தோலுக்குச் சாம்பிராணி காட்டியதை நினைத்து நினைத்து அழுதார். குதிரை கீழே தள்ளியதும் போதாமல் குழியும் பறித்தது என்று சொல்வார்களே, அதேதான். கடிவாளமும் வார்களும் சைக்கிள் கொட்டிலுக்குப் போயின. அழுகைக்கு நடுவிலேயே அம்மா தன் கூறைச் சேலைக் கரையைக் கிழித்து, சிவப்புப் பட்டில் ஒரு கடிவாளம் தைத்தார். விடியும்போது அது தயாராக இருந்தது.

எட்டாம் நாள் பின்னேரம் குதிரை அவ்வளவு அழகாக நின்றது. புது வெள்ளை நிறம், கழுத்தில் சதங்கை, நிலம் தொடும் கறுத்த வால். ஜேர்மனிக்கு அனுப்ப என்று அப்பா ஸ்ரூடியோக்காரர் ஒருவரைப் பிடித்திருந்தார். எல்லாம் இருந்தது. தூக்க ஆள் மட்டும் இல்லை.

அந்தக் குதிரையைச் சுவாமியோடு தூக்க இருபது தோளாவது வேண்டும். அன்று காலை பக்கத்து ஊரில் இந்திய இராணுவத்தோடு நின்ற ஆயுதக்காரர் தங்கள் படைக்கென்று பெடியங்களைப் பிடித்து லொறியில் ஏற்றுகிறார்கள் என்று கதை வந்திருந்தது. ஊரில் மிச்சமிருந்த இளந்தாரிகள் எல்லாம் மத்தியானத்துக்குள் எங்கே மறைந்தார்களோ தெரியாது. மற்றவர்கள் ஏற்கனவே ஜேர்மனியிலும் கனடாவிலும் இருந்தார்கள். கோயில் வாசலில் நின்ற ஆண்களில் அப்பாவும் சித்தப்பாவும்தான் இளையவர்கள் போல இருந்தார்கள்.

முகாமையாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார், "உள்வீதியோடை ஒரு சின்னச் சுத்தாச் சுத்தி நிப்பாட்டுவம்."

மதிலுக்கு உள்ளே, உள்வீதியோடு நின்றால் உபயம் போய்விட்டது. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். சித்தப்பா சரிகை வேட்டியோடு தூணில் சாய்ந்து நின்று குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவரிடம் நடந்து போனார்.

"தம்பி, எங்கடை வண்டில் கிடக்கு. மாடுதான் இல்லை. உன்ரை சோடியைத் தா."

சித்தப்பாவின் சோடி சவாரி மாடுகள். வண்டில் சவாரிப் போட்டியில் வடமராட்சி வரை போய்ப் பரிசு எடுத்தவை. தன் பிள்ளைகளுக்கு இல்லாத முட்டையும் நல்லெண்ணெயும் அவற்றுக்குக் கொடுத்து வளர்த்தார். கொடுக்கமாட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், உபயம் அவருடையது. 

"அண்ணை, அதுகளுக்கு ஊர்வலம் போகத் தெரியாது. ஓடத்தான் தெரியும்," என்றார். பிறகு வாசலில் நின்ற சனத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஊர் முழுக்க அங்கே நின்றது. தன் மாடுகளை அந்தச் சனம் இந்த வருடம் இன்னும் பார்க்கவில்லை என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "பொறுங்கோ, கொண்டு வாறன்."

கிழவர்கள் எல்லோரும் சேர்ந்து முக்கி முனகி, பிள்ளையாரோடு குதிரையை எங்கள் வண்டிலில் ஏற்றிக் கட்டினார்கள். மாடுகளைப் பூட்டும்போது தவில் ஒரு அடி அடித்தது. வெருண்ட இழுவையில், மூக்கில் பூட்டிப் பிடிக்கும் நாணயக் கயிறு அறுந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்கு ஓடி, கொட்டிலில் கிடந்த சீமை வார்களை எடுத்துக்கொண்டு வந்தேன்.

எல்லோரும் ஐயரைப் பார்த்தார்கள். ஐயர் பிள்ளையாரைப் பார்த்தார். "மாட்டிலை ஏற்கனவே மாட்டுத்தோல் தானே கிடக்கு. கட்டுங்கோ," என்றார்.

முதல் மூலை வரைக்கும் மரியாதையாகத்தான் போனது. மூலையில் திரும்பியதும் நேர் வீதியைக் கண்ட மாடுகள், தவிலும் கேட்க, சவாரி தொடங்கிவிட்டது என்று முடிவுசெய்தன. பிறகு நடந்தது ஊர்வலம் இல்லை. சித்தப்பா வார்களை இரண்டு கையிலும் சுற்றிப் பின்னால் சாய்ந்து கிடந்தார். சுவாமியோடு வண்டிலில் ஏறியிருந்த ஐயர் குதிரையின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தெரிந்த மந்திரம் எல்லாம் சொன்னார். காலிமுகத்திடல் வால் காற்றில் நேராக நின்றது. மேளகாரர் வேட்டியை மடித்துக் கட்டி ஓட, கர்ப்பூரத் தட்டுகளோடு பெண்கள் ஓட, எல்லோருக்கும் பின்னால் அப்பா "பிள்ளையாரே, பிள்ளையாரே" என்று ஓடினார். எங்கள் பிள்ளையார் அதற்கு முதலும் பிறகும் அப்படி ஒரு வேட்டைக்குப் போனதில்லை. வார் மட்டும் அறுந்திருந்தால் வேட்டை புத்தூரில்தான் முடிந்திருக்கும். கொம்பனித்தெருக் கிழவர் சொன்னது உண்மை. அது போகவில்லை.

குதிரை வெளிவீதி சுற்றி வாசலுக்கு வந்து நின்றது. ஐயர் நடுங்கிக்கொண்டே இறங்கி, காளாஞ்சித் தட்டை எடுத்து, அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்பா இளைக்க இளைக்க வந்து வாங்கினார். வாங்கிய கையோடு, மாடுகளுக்கு வேர்வை துடைத்துக்கொண்டு நின்ற சித்தப்பாவிடம் போய், ஒரு வாழைப்பழத்தை அவரிடமும் மற்றதை ஒரு மாட்டிடமும் கொடுத்தார். மற்ற மாடு முறைத்தது என்று சித்தப்பா தன் பழத்தை அதற்குக் கொடுத்துவிட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன், ஆனால் ஸ்ரூடியோக்காரரின் பிலிம் அதற்கு முதலே முடிந்திருந்தது.

படங்கள் வந்தன. நல்லதாக ஒன்றுதான் தேறியது. அதில் குதிரை, பிள்ளையார், மாடுகள் எல்லாம் துலக்கம். நடுவில் சித்தப்பா சரிகை வேட்டியோடு வார்களைப் பிடித்து ராசா போல இருந்தார். அப்பா எங்கே என்று தேடினால், பின்னால் புழுதிக்குள் ஒரு தலை தெரியும். அதைத்தான் ஜேர்மனிக்கு அனுப்பினோம்.

இரண்டு மாதம் கழித்துப் பெரியண்ணையின் கடிதம் வந்தது. நான் அப்பாவுக்கு வாசித்தேன். 'சித்தப்பாவின்ரை திருவிழாப் படம் கிடைச்சுது. நல்ல வடிவு. எங்கடை திருவிழாப் படம் எங்கை?'

  அப்பா கடிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டு, பேனையை எடுக்கச் சொன்னார்.

"எழுது, பிள்ளை. குதிரைக்கு வேண்டிய எல்லாம் கொழும்பிலை வாங்கினன். தோள் மட்டும் ஜேர்மனியிலை நிக்குது எண்டு எழுது."

ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே எழுதி அனுப்பினேன். பதிலுக்கு அண்ணைமார் இரண்டு பேரும் காசு அனுப்பியிருந்தார்கள், அடுத்த வருடம் குதிரை தூக்கக் கூலிக்கு ஆள் பிடிக்கச் சொல்லி.